மதகு திறக்கும் முன் உங்கள் தொட்டியைத் திறந்து பாருங்கள்: டெல்டா மாவட்டப் பணிமனை, பட்டறை, எண்ணெய் ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் லாரி, பேருந்துப் பணிமனைகளும் வாட்டர் சர்வீஸ் நிலையங்களும் லேத் பட்டறைகளும் எண்ணெய் ஆலைகளும் நடத்திவரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து, உங்கள் கழிவுநீரோடு வாய்க்காலுக்கு வரும் எண்ணெயைப் பற்றியும் அதைப் பிரிக்கும் தொட்டியைப் பற்றியும் இதை எழுதுகிறேன். நான் திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது, கும்பகோணத்தைத் தொட்டு ஓடிக் காரைக்காலில் கடல் சேரும் அரசலாற்றின் கிளை வாய்க்கால் ஒன்றில், கடைமடையில், இரண்டு ஏக்கர் சாகுபடி செய்கிறேன். உங்கள் பக்கத்து வேலையும் தெரியும், வாய்க்கால் பக்கத்துக் கவலையும் தெரியும் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு குறுவைக்குத் தண்ணீர் வந்த மூன்றாம் நாள் காலையில் மதகடியில் போய் நின்றேன். புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரைத்து வரும் நேரம் அது. நுரைக்கு நடுவே நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. குனிந்து கையை விட்டு எடுத்தேன். இன்ஜின் ஆயில் வாடை. நாற்றங்காலுக்கு வைத்திருந்த மடையை உடனே அடைத்துவிட்டேன். ஆனால் எனக்கு மேலே நடவு நடந்துகொண்டிருந்த வயல்களில் தண்ணீர் ஏற்கெனவே பாய்ந்துவிட்டது. மதியம் கரையேறிய பெண்களின் கெண்டைக்காலில், தண்ணீர் நின்ற மட்டத்துக்கு, வளையம் போட்டதுபோல் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை.

வேறு வழி தெரியாமல் வைக்கோலைப் பிரியாக முறுக்கி, இரண்டு கரையிலும் முளையடித்து, வாய்க்காலுக்குக் குறுக்கே மிதக்க விட்டேன். வைக்கோலுக்கு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. மாலைக்குள் பிரி கறுத்துக் கனத்துவிட்டது. எண்ணெயில் ஒரு பங்கு நின்றது. மிச்சம் பிரிக்கு அடியில் புகுந்து போய்விட்டது. எண்ணெய் குடித்த அந்த வைக்கோலை மாட்டுக்குப் போட முடியாது, எருக்குழியில் கொட்ட முடியாது, கொளுத்தவும் மனம் வரவில்லை. இன்றும் அதை ஒரு சாக்கில் கட்டிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன்.

சிந்துவது கொஞ்சம் எண்ணெய்தானே என்று தோன்றலாம். தண்ணீர்மேல் வானவில் நிறம் காட்டுவதற்கு ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள படலமே போதும். அந்தக் கனத்தில் ஒரு லிட்டர் எண்ணெய் 1,000 சதுர மீட்டருக்குப் பரவும். நம் கணக்கில் முக்கால் மா நிலம். ஒரு கனரக லாரியின் இன்ஜினிலிருந்து ஒரு தடவை இறக்கும் ஆயில் பத்து லிட்டருக்குக் குறையாது. படலம் மூடிய தண்ணீருக்குள் காற்று சரியாக இறங்காது. தண்ணீர் வடியும்போது எண்ணெய் இளம் பயிரின் தண்டிலும் இலையுறையிலும் ஒட்டிக்கொள்கிறது. வண்டலோடு சேர்ந்த பங்கு அடியில் படிந்து அடுத்த போகத்துக்கும் அங்கேயே கிடக்கிறது.

மற்ற ஊர்களில் கழிவு ஆற்றோடு போய்விட்டது என்று சொல்லிவிடலாம். டெல்டாவில் அப்படிச் சொல்ல இடமில்லை. இங்கே மேலூரின் வடிகால்தான் கீழூருக்குப் பாசன வாய்க்கால். வயல் விட்டு வயல் பாய்ந்த தண்ணீரே மறுபடி வாய்க்காலில் விழுந்து அடுத்த ஊருக்குப் போகிறது. தரையில் சரிவும் மிகக் குறைவு என்பதால் தண்ணீர் எதையும் அடித்துக்கொண்டு போவதில்லை, நின்று நின்றுதான் நகர்கிறது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டபோது டெல்டா முழுவதும் எழுந்து நின்றது. அது நியாயமான கோபம். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் புதிதாக வரக்கூடிய பெரிய தொழில்களைப் பற்றியது. நம் ஊர்ச் சாலையோரக் கொட்டகைகளிலிருந்து நாள்தோறும் இறங்கும் ஒரு வாளி எண்ணெயை நீங்களும் நானும் பேசித்தான் நிறுத்த வேண்டும்.

என் மதகடியில் எண்ணெயைப் பார்த்த அன்று மாலையே வாய்க்கால் கரையோடு மேலே நடந்தேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் பின்சுவரில் இருந்த குழாயிலிருந்து கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. உரிமையாளர் நல்ல மனிதர். என் மகன் வயதுதான் இருக்கும். "தொட்டி கட்டித்தான் சார் விட்டிருக்கேன், நீங்களே வந்து பாருங்க" என்று கையோடு அழைத்துப்போய்க் காட்டினார். அவர் சொன்னது உண்மை. மூன்று அறை வைத்த செங்கல் தொட்டி, சிமெண்டு பூசி, மூடியும் போட்டு இருந்தது. செலவு செய்திருக்கிறார். மூடியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கொத்தனார், அறைக்கு அறை தண்ணீர் போகும் வழியைச் சுவரின் மேல்விளிம்பில் வைத்திருந்தார். வெளியேறும் குழாயும் அதே உயரத்தில். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும் என்பதால் அந்தத் தொட்டியிலிருந்து முதலில் வெளியேறியது எண்ணெய்தான். அடியில் முக்கால் பங்கு சேறு வேறு.

மறுவாரம் சேற்றை அள்ளிவிட்டு, சுவருக்குச் சுவர் டீ குழாய் (T எழுத்து வடிவ இணைப்புக் குழாய்) பொருத்தினோம். குழாயின் ஒரு வாய் தண்ணீருக்குள் இரண்டடி கீழே இறங்கி நிற்கும். கீழிருந்து தெளிந்த தண்ணீர் மட்டும் ஏறி அடுத்த அறைக்குப் போகும். எண்ணெய் முதல் அறையிலேயே மேலே தேங்கும். டீயின் மேல்வாயைத் திறந்து விட வேண்டும், அடைத்தால் சைபன் பிடித்துத் தொட்டியையே உறிஞ்சிவிடும். குழாய்க்கும் கூலிக்கும் ஆன செலவு, அவர் ஒரு லாரி கழுவி வாங்கும் கூலியைவிட அதிகமில்லை. முதல் 15 நாளில் 35 லிட்டர் எண்ணெய் அள்ளினார். அதற்கு முன்பு அந்த 35 லிட்டர் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள், தொட்டி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதோடு நிற்காமல், தண்ணீர் எந்த மட்டத்திலிருந்து வெளியேறுகிறது என்று மூடியைத் தூக்கிப் பாருங்கள் என்பதே.

தொட்டியின் அளவிலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் நன்றாகப் பிரியும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய்த் துளி மேலே ஏறி வர வேண்டும். ஆழம் கூடினால் அது ஏற வேண்டிய தூரமும் கூடுகிறது. உண்மையில் பலன் தருவது பரப்பளவு. மணிக்கு 1,000 லிட்டர் கழிவுநீர் வரும் இடத்தில் 9 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள தொட்டி இருந்தால், 50 மைக்ரான் துளி வரை, தாராளமாக இடம் விட்டே, பிரித்துவிடலாம். இடம் இல்லாதவர்கள் நெளிவுத் தகடுகளைச் சாய்வாக அடுக்கிய பிரிப்பானை வைக்கலாம். தகட்டுக்குத் தகடு விரற்கடை இடைவெளியே இருப்பதால் துளி ஏற வேண்டிய தூரம் சுருங்கிவிடுகிறது, தகட்டின் அடிப்பக்கத்தில் துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி மேலே வருகின்றன.

இனி நான் சொல்ல வந்ததில் மிக முக்கியமானதற்கு வருகிறேன். எண்ணெயைப் பிரிப்பது கடினமான வேலை அல்ல. நாமே அதைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு பிரிக்க முயல்வதுதான் கடினம். ஸ்டோக்ஸ் விதிப்படி, துளியின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அது மேலே ஏறும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். நம் ஊர் வெப்பத்தில் 150 மைக்ரான் துளி ஒரு மீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். அதே எண்ணெய் 15 மைக்ரான் துளியாகிவிட்டால் 14 மணி நேரம் வேண்டும். அதற்குள் அந்தத் தண்ணீர் என் வயலைத் தாண்டிப் போயிருக்கும்.

இதை நான் என் தவற்றிலிருந்தே கற்றேன். 1990-களின் பிற்பகுதியில், தொழிற்சாலையில் கழிவுநீரைப் பிரிப்பான் தொட்டிக்கு ஏற்றிவந்த டயாபிரம் பம்பு, அதாவது சவ்வை அசைத்து மெதுவாகத் தள்ளும் பம்பு, பழுதாகிவிட்டது. இரவு நேரம், குழி நிரம்பிக்கொண்டிருந்தது. ஸ்டோரில் இருந்த சென்ட்ரிபியூகல் பம்பை மாட்டச் சொன்னது நான்தான். மறுநாள் காலையில் தொட்டிக்கு மேலே எண்ணெய் ஏறக்குறைய இல்லை. வெளியேறும் தண்ணீர் பால் டீ நிறத்தில் இருந்தது. தொட்டியும் அதே தொட்டி, கழிவுநீரும் அதே கழிவுநீர். அந்தப் பம்புக்குள் வேகமாகச் சுழலும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் துளிகளை அடித்து நொறுக்கியிருந்தது. பழைய பம்பைச் சரிசெய்து மாட்டும்வரை, மூன்று வாரம், நாங்கள் சீனக்காரமும் அமிலமும் போட்டுத் திணறினோம். எண்ணெய்த் தண்ணீரை முடிந்தவரை பள்ளத்துக்குத் தானாக ஓட விடுங்கள். பம்பு வேண்டியே தீரும் என்றால் டயாபிரம் பம்போ ஸ்க்ரூ பம்போ வையுங்கள். சென்ட்ரிபியூகல் பம்பு வேண்டுமென்றால் பிரித்த பிறகு வரும் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பு செய்யும் அதே கெடுதலைச் சோப்புத்தூள் இன்னும் வேகமாகச் செய்கிறது. தரையில் ஆயில் சிந்தியவுடன் சோப்புத்தூளைக் கொட்டிக் குழாயைத் திருப்பிவிடும் பழக்கம் எல்லாப் பணிமனையிலும் இருக்கிறது. தரை பளிச்சென்று ஆகிவிடும்; ஆனால் ஒவ்வொரு துளியையும் சோப்பு தனித்தனியே போர்த்திவிடுவதால் அவை ஒன்று சேரவே சேராது. முதலில் மரத்தூளைத் தூவி, எண்ணெயை அதில் ஊறவிட்டுக் கூட்டி அள்ளுங்கள். ஆயில் மாற்றும் இடத்தில் அடியில் தட்டு வையுங்கள். அதன்பிறகு வெறும் தண்ணீரால் கழுவுங்கள். சோப்பு கட்டாயம் என்றால் அந்தத் தண்ணீரைத் தனி வழியில் விடுங்கள். உங்கள் கழிவுநீர் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஆய்வகத்துக்குப் போக வேண்டியதுமில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே எண்ணெய் தனியே நின்று, கீழே தண்ணீர் தெளிந்தால் வெறும் தொட்டியே போதும். பால் டீ போல அப்படியே கலங்கி நின்றால் துளிகள் நுண்ணியதாகிவிட்டன என்று பொருள். வெறும் தொட்டியால் அவற்றைப் பிடிக்க முடியாது.

அந்தக் கலங்கலைப் பிரிக்கவும் வழி இருக்கிறது. புதுவெள்ளத்தில் கலங்கிய காவிரித் தண்ணீரைத் தேத்தாங்கொட்டை இழைத்துத் தெளியவைத்துக் குடித்தவர்கள் நம் பாட்டிமார்கள். ஒன்றையொன்று விலக்கி மிதக்கும் நுண்துகள்களை ஒன்றுசேர வைப்பதுதான் அதன் சூத்திரம். எண்ணெய்க் கலங்கலுக்குச் சீனக்காரமோ ஃபெரிக் குளோரைடோ அதையே செய்கிறது. லேத் பட்டறையில் உலோகம் வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் வெள்ளைக் கூலன்ட் போன்ற பிடிவாதமான கலவைக்கு முதலில் அமிலத்தால் பி.எச். என்ற அமில-கார அளவை நன்றாக இறக்க வேண்டும், முடிவில் சுண்ணாம்பால் சமப்படுத்த வேண்டும். எவ்வளவு மருந்து என்பதைக் கண்ணளவில் போடாதீர்கள். ஆறு கண்ணாடிக் குவளைகளில் அதே கழிவுநீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் அளவைக் கூட்டிக்கொண்டே போய், எதில் முதலில் தெளிகிறது என்று பார்த்துப் போடுங்கள்; மருந்து மிஞ்சினாலும் கலங்கல் திரும்ப வரும். திரண்டதை மேலே கொண்டுவரக் காற்றை உதவிக்கு அழைக்கலாம். கோலி சோடாவின் கோலியைத் தட்டியவுடன் நுண்குமிழ்கள் கிளம்புகின்றன அல்லவா, அதேபோல் 4 முதல் 6 பார் (அழுத்த அலகு) அழுத்தத்தில் காற்றைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியின் அடியில் திறந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் எண்ணெய்த் திரள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை நுரையாக மேலே தூக்கும். ஒரு தனிப் பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிட்கோ தொழிற்பேட்டைகளில் அருகருகே இருக்கும் பட்டறைகள் தங்கள் பழைய கூலன்ட்டை டிரம்மில் சேர்த்து, பொதுவாக ஒரு இடத்தில் பிரித்துக்கொள்ளலாம். இதற்குச் சங்கம் முன்கை எடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையை மறந்துவிட்டுக் கட்டிய தொட்டி எந்தத் தொட்டியானாலும் வீண். ஆயிரம் சதுர அடி முற்றத்தில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் ஏறத்தாழ 9,300 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது முழுவதும் நான் மேலே சொன்ன தொட்டிக்குள் பாய்ந்தால், ஆறு மாதமாகச் சேர்த்த எண்ணெயும் சேறும் ஒரே இரவில் வாய்க்காலுக்குப் போய்விடும். கழுவும் இடத்துக்கு மேலே கூரை போடுங்கள். சுற்றிலும் அரையடி வரப்புக் கட்டி, வெளிமழை உள்ளே வராமல் திருப்பிவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு தேங்கிய எண்ணெயை முழுவதும் அள்ளிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கே வந்துவிடும். தரைக்கடியில் வைத்த பிளாஸ்டிக் தொட்டியைக் காலி செய்தால் அது தெப்பம்போல் மேலே கிளம்பிவிடும். செங்கல் தொட்டியில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் நேரே கிணற்றுக்கும் போர் தண்ணீருக்கும் போகும். கூடுமானவரை தரைக்கு மேலே கட்டுங்கள்.

அள்ளிய எண்ணெயை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் அதை அடியில் குழாய் வைத்த டிரம்மில் ஊற்றி இரண்டு நாள் விட்டு, அடியில் இறங்கும் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி விடுங்கள். தண்ணீர் இல்லாத எண்ணெய்க்குத்தான் விலை உண்டு. எண்ணெய் அதிகம் சேரும் இடங்களில் பெல்ட் ஸ்கிம்மர் வைக்கலாம். எண்ணெய் ஒட்டும் பட்டை ஒன்று தொட்டிக்குள் இறங்கி ஏறும், மேலே வழிப்பான் அதை வழித்து டிரம்மில் விடும், தண்ணீர் மிகக் குறைவாகவே கூட வரும். செங்கல் சூளைக்கும் வெல்லம் காய்ச்சும் அடுப்புக்கும் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பழைய இன்ஜின் ஆயிலில் தேய்ந்த உலோகத்தூளும் துத்தநாகம் போன்ற கலப்புப் பொருள்களும் இருக்கின்றன, அவை புகையோடு அதே ஊரில்தான் இறங்கும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, இந்த எண்ணெய் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும். 90 நாளுக்கு மேல் சாதாரணமாக வைத்திருக்கவும் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் மசகெண்ணெய் உற்பத்தியாளர்களுக்கே பழைய ஆயிலை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. ஆகவே மறுசுழற்சியாளர்களுக்கு உங்கள் எண்ணெய் தேவைப்படுகிறது. ஒரு டிரம்முக்காக அவர்கள் வண்டி அனுப்ப மாட்டார்கள். ஒரு வட்டாரத்தில் இருபது பணிமனை சேர்ந்து மாதம் ஒரு நாள் என்று வைத்தால் வருவார்கள்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் ஆலைக்காரர்களுக்கும் தவிட்டெண்ணெய் ஆலைக்காரர்களுக்கும் ஒரு சொல். இது தின்னும் எண்ணெய்தானே, மண்ணுக்கு என்ன கெடுதல் என்று கேட்கிறீர்கள். அதை நுண்ணுயிர்கள் தின்னத்தான் செய்யும். தின்னும்போது தண்ணீரில் இருக்கும் உயிர்க்காற்றை முழுவதும் எடுத்துக்கொள்ளும், வாய்க்காலில் கெண்டை போன்ற மீன்கள் செத்து மிதக்கும். சட்டமும் இரண்டு எண்ணெய்க்கும் ஒரே அளவைத்தான் வைத்திருக்கிறது: ஆறு, வாய்க்காலில் விடவும் பாசனத்துக்கு விடவும் லிட்டருக்கு 10 மில்லிகிராம், பொதுச் சாக்கடைக்கு 20. பத்து மில்லிகிராம் என்றால் ஒரு லட்சம் லிட்டரில் ஒரு கிலோ. உங்கள் கழிவில் பிரியும் கொழுப்பு அமில எண்ணெய்க்குச் சோப்புத் தொழிலில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் ஆயிலோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள், இரண்டுக்கும் விலை போய்விடும்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன், வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும் மே மாதத்தில், ஒவ்வொரு வட்டாரச் சங்கமும் ஒரு நாளை ஒதுக்கி உறுப்பினர்களின் தொட்டிகளைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நோட்டீஸ் வரும் என்று பயப்பட வேண்டாம், நான் அதிகாரி இல்லை. யாரைப் பற்றியும் எங்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரங்களில் எந்தச் சங்கம் அழைத்தாலும் பேருந்து ஏறி வந்துவிடுவேன். கண்ணாடி பாட்டிலும், நான்கு அங்குல டீ குழாய் ஒன்றும், சாக்கில் கட்டி வைத்திருக்கும் அந்த வைக்கோல் பிரியும் என்னோடு வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கழிவுநீர்ப் பிரிவு மேற்பார்வையாளர்,
அரசலாற்றுக் கடைமடை விவசாயி.